அருந்ததியின் வலது கால்

அருந்ததியிடம் கார் பழகியவர்களைக் கொழும்பு வெள்ளவத்தையில் இலகுவாக அடையாளம் கண்டுவிடலாம். அங்குள்ள பெரிய வீதியான காலி வீதியில் பஸ்காரன் குறுக்கே வெட்டினால் மற்றவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி ஏசுவார்கள். இவளுடைய மாணவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். கியரில் ஒன்றைக் குறைத்து, பஸ்காரன் எதிர்பாராத பக்கத்தால் நுழைந்து போய்விடுவார்கள். "ஏசுற நேரத்துக்கு ஓடு" என்பதுதான் அவள் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். டொக்டர்மார், கல்யாணத்துக்கு நின்ற பெண்பிள்ளைகள், பென்ஷன் எடுத்த பிறகு ஆசை வந்த ஒரு நீதவான் என்று எத்தனையோ பேர் அவளுடைய சின்னஞ்சிறு மினி காருக்குள் முழங்காலை மடக்கி ஏறி, சாரதியாக இறங்கியிருக்கிறார்கள்.

அந்த மினியை வாங்கியது அவளுடைய புருஷன் ஸ்ரீஸ்கந்தராசா. ஆசையோடு வாங்கினார், ஆனால் ஓடவில்லை. அதற்குக் காரணம் அவருடைய உத்தியோகம். காப்புறுதிக் கம்பனி ஒன்றில், விபத்துக்கு நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் கோவைகளைப் பார்ப்பது அவர் வேலை. நாள் முழுக்க நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, மனிதருக்கு ஸ்டியரிங்கைக் கண்டாலே உள்ளங்கை வேர்க்கத் தொடங்கிவிட்டது. மினி வீட்டு வாசலில் தூசு பிடித்து நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்த புதுப்பெண் ஒருநாள் அதன் சாவியை எடுத்தாள். பிறகு அந்தச் சாவி அவருடைய கைக்குத் திரும்பவேயில்லை, அவரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ரேசுக்குள் அவளை இழுத்துவிட்டதும் ஒரு மாணவிதான். அந்த மாணவியின் புருஷன் ஒரு மோட்டார் கழகத்தில் அங்கத்தவர். பெண்களுக்கென்று ஒரு போட்டி வைக்கிறார்கள், ஆள் போதாது, சும்மா வந்து எண்ணிக்கைக்கு நில்லுங்கள் என்று கேட்டார்கள். எண்ணிக்கைக்கு நிற்கப் போனவள், காருக்குப் பின்னால் தொங்கிய 'எல்' போர்டைக் கழற்ற மறந்து, அதோடேயே ஓடி முதலாவதாக வந்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்த 'எல்' போர்டைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்த அவமானத்தை அவர்கள் இன்னும் மறக்கவில்லை என்று கேள்வி.

அதற்குப் பிறகு வருடா வருடம் அவள்தான். வெல்வது பழகிப்போய், வீட்டில் கிண்ணங்களுக்குள் வெங்காயம் போட்டு வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்படி இருக்கும்போதுதான், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, பெண்கள் போட்டி கவிழ்ந்தது. அந்த முறை பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அருந்ததி, மற்றவளுக்கு நிறைமாதம்.

கழகத்துச் செயலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: இனிப் பெண்கள் போட்டி இல்லை. விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஓப்பன் வகுப்புக்கு வாருங்கள். ஓப்பன் வகுப்பு என்பது உச்சம். நாட்டிலேயே வேகமான கார்கள், வேகமான ஆட்கள். புதிதாக வருகிறவருக்கு மூன்று போட்டிகள் தருவார்கள். அந்த மூன்றில் ஒரு தரமாவது முதல் எட்டுப் பேருக்குள் வரவேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வாசலில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வாறன்" என்று அருந்ததி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்: மூன்று போட்டி, எட்டு இடம்.

"ரேசுக்கு இன்சூரன்ஸ் இல்லை, தெரியுந்தானே?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. அவர் சொன்ன ஒரே மறுப்பு அதுதான்.

வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டே மற்றப் பெண்கள் கதைத்தார்கள். யுத்தத்தில் நாடு கிடக்கிற கிடையில், பிள்ளைகள் ஒழுங்காக வீடு வந்து சேருமோ என்று எல்லாரும் ஏங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், இவளுக்கு என்ன விசரா என்று கேட்டார்கள். அவளுக்கும் அது கேட்டது. விசர்தான். ஆனால் அந்த விசர் இல்லாவிட்டால் அந்த வருடங்களை எப்படிக் கழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காருக்குள் ஏறி ஹெல்மெட்டைப் போட்டால் உலகத்தில் ஒரேயொரு கேள்விதான் இருக்கும்: அடுத்த வளைவு. அந்த ஒரு கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. மற்றவற்றுக்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

மினியை வைத்துக்கொண்டு ஓப்பன் வகுப்பில் ஒன்றும் புடுங்க முடியாது. கொம்பனித்தெருவில் கராஜ் வைத்திருந்த ராசிக்கிடம் போனாள். ஐம்பது வயது தாண்டியவர், அவளுக்கு அண்ணன் முறையில் ராசிக் நானா. முன்பக்கம் நொறுங்கி, சொந்தக்காரன் கைவிட்டுப் போன ஒரு ஸ்டார்லெட் அவருடைய கராஜ் மூலையில் கிடந்தது. அதை உரித்தெடுத்தார். பின் சீட், கம்பளம், ரேடியோ, கூரை விளக்கு, கதவுத் தட்டி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். மிஞ்சியது ஒரு தகரப்பெட்டி, ஒரு இருக்கை, உறுமிக்கொண்டு ஒரு இஞ்சின்.

அந்த இஞ்சினைப் பழக்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. மினியை முன்சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போகும். ஸ்டார்லெட்டைப் பின்சக்கரங்கள் தள்ளும். மினியில் வளைவுக்குள் பயம் வந்தால் காலை எடுத்தால் போதும். ஸ்டார்லெட்டில் காலை எடுத்தால் வால் முன்னுக்கு வந்து "சுகமா?" என்று கேட்கும். அப்படி எத்தனையோ தரம் சுற்றிச் சுற்றிப் புல்லுக்குள் போய் நின்றாள். இத்தனை பேருக்கு வாத்தியாரம்மாவாக இருந்தவள் திரும்பவும் 'எல்' போர்ட்காரியானாள். கை காய்த்தது, தோள் வீங்கியது, ஆனால் பிடிபட்டது. வளைவுகளில் அவள் யாருக்கும் குறைந்தவளில்லை என்று ராசிக் தன் வாயாலேயே சொன்னார். ராசிக் இலகுவில் புகழ்கிற ஆளில்லை.

அப்படியிருந்தும் முதல் போட்டியில் அவள் கடைசி.

இரண்டாவது போட்டியிலும் கடைசி.

போட்டி நடந்த இடம் கொழும்புக்குத் தெற்கே, கடற்கரையோரமாக, எந்தக் காலத்திலோ விமானங்கள் இறங்கிய ஒரு பழைய ஓடுபாதை. பக்கத்தில் ஆமி முகாம். போட்டி நாட்களிலும் பயிற்சி நாட்களிலும் கொடி பிடிக்கவும் கூட்டத்தை ஒதுக்கவும் முகாமிலிருந்து பையன்கள் வந்து நிற்பார்கள். ஓடுபாதை நேராக நீண்டு கிடந்தபடியால், வேகம் கட்டுமீறிப் போகாமல் நடுவில் தார்ப் பீப்பாய்களைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கியிருந்தார்கள். இடமும் வலமுமாக வளைந்து அவற்றுக்கூடாகப் போகவேண்டும். கெட்டிக்காரர்கள் அதில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கமாட்டார்கள், மிதித்தபடியே போவார்கள். பெண்கள் போட்டி பீப்பாய்களுக்கு முன்னமே திரும்பிவிடும் குறுக்கு வட்டத்தில்தான் நடக்கும். ஆனபடியால் அருந்ததிக்கு அந்தப் பீப்பாய்கள் புதிது.

அவள் எல்லா இடத்திலும் பிடித்ததையெல்லாம் அந்த ஒரு இடத்தில் விட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் பீப்பாயடிக்கு வந்ததும் கார் சோர்ந்துவிடும். அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். என்ன நடக்கிறதென்று அவளுக்கே விளங்கவில்லை. பிறேக்கைத் தான் தொடவேயில்லை என்று அடித்துச் சொன்னாள். ராசிக் காபரேட்டரைக் கழற்றிப் பூட்டினார், பெற்றோல் குழாயை மாற்றினார். ஒரு குறையும் இல்லை. மிச்சம் ஒரேயொரு போட்டி. அதிலும் கோட்டை விட்டால் ஓப்பன் வகுப்பும் இல்லை, பெண்கள் போட்டியும் இல்லை. அவளுக்கு இனி ஓடுவதற்கு இடமே இல்லை.

மூன்றாவது போட்டிக்கு முந்திய பயிற்சி நாளில் ராசிக் ஒரு வேலை செய்தார். கராஜ்காரர் நிற்க வேண்டிய இடத்தை விட்டு நடந்துபோய், பீப்பாய்களுக்குப் பக்கத்தில், வெயிலில், தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அருந்ததி ஒருமுறை வந்து போனாள். இன்னொரு முறை வந்து போனாள். அதற்கடுத்த முறை ராசிக் அப்படியே தரையில் குந்திவிட்டார். அவருக்கு ஏதோ நெஞ்சு வலிதான் என்று பயந்து அவள் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். கிட்ட வந்து பார்த்தால் மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"தங்கச்சி, கோவிச்சிக்கொள்ள வாணாம். பீப்பாக் கிட்ட வந்தா ஒங்கட எடது கை எங்க போகுது?"

"கியரிலை."

"இல்ல. மேல போகுது. கூரைக்கு."

"கூரையிலை என்ன இருக்கு? வெறுந் தகடுதானே நானா."

"அதத்தான் நானும் கேக்கிறேன்! கை கூரையத் தடவுது. மொகம் ஜன்னல் பக்கம் திரும்புது. கால் எடுபடுது. தங்கச்சி, நீங்க உள் லைட்டப் போட்டு மொகம் காட்டுறீங்க! ஆமிக்காரப் பொடியன் ஒங்களுக்குக் கொடி காட்ட நிக்கிறான். நீங்க அவனுக்கு ஐசி காட்டப் பாக்கிறீங்க!"

அருந்ததி தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த வருடங்களில் கொழும்பில் கார் ஓடிய தமிழர் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. வீதிக்குக் குறுக்கே பீப்பாய்கள், பக்கத்தில் துவக்கோடு ஒரு பையன். பீப்பாயைக் கண்டதும் வேகத்தைக் குறை. பொழுதுபட்டால் முன் விளக்கை அணைத்து உள் விளக்கைப் போடு. கண்ணாடியை இறக்கி முகத்தைக் காட்டு. ஐசி என்கிற அடையாள அட்டையை நீட்டு. அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால், கார் ஓரமாக. எங்கே போகிறாய், எங்கே இருந்து வருகிறாய், தகப்பன் பெயர் என்ன. அருந்ததி இதைத் தான் செய்வது போதாதென்று, தன்னிடம் பழக வருகிறவர்களுக்கும் ரிவேர்ஸ் எடுப்பதற்குப் பிறகு, பார்க்கிங்குக்கு முன், ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுத்து வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை சாவடி, எத்தனை மாணவர். அவளுடைய வலது கால் அந்தப் பாடத்தை மற்ற எல்லாரையும் விட நன்றாகப் படித்திருந்தது.

மற்ற ஓட்டக்காரர்களுக்குப் பீப்பாய் வெறும் பீப்பாய். அவர்களும் சாவடியில் காரை நிறுத்தியவர்கள்தான், ஆனால் சிங்களப் பெயரைச் சொன்னதும் "ஹரி, யன்ன", சரி போகலாம், என்று அனுப்பப்பட்டவர்கள். போகச் சொல்லிக் கேட்டுப் பழகிய கால் எங்கே, நிற்கச் சொல்லிக் கேட்டுப் பழகிய கால் எங்கே.

முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. பிறகு ராசிக் மறுபடியும் அவளைப் போலக் கூரையைத் தடவிக் காட்ட, அவளுக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஓடுபாதையில் குந்தியிருந்து சிரித்ததைப் பார்த்து, கொடி பிடித்த பையனும் காரணம் தெரியாமலே சிரித்தான்.

சிரித்தாயிற்று. ஆனால் காலை எப்படித் திருத்துவது? ஸ்ரீஸ்கந்தராசாதான் வழி சொன்னார். விபத்துக் கோவைகளைப் பார்த்த அனுபவத்தில், எந்தப் பழக்கத்தையும் இன்னொரு பழக்கத்தால்தான் வெல்லலாம் என்பது அவருடைய கட்சி. பீப்பாய்களை வாங்கி எங்கேயாவது ஆளில்லாத இடத்தில் வைத்து ஓடிப் பழகவேண்டும். நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அதில் இருந்த பிழை ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரத்மலானையில், பூட்டிக்கிடந்த தொழிற்சாலை ஒன்றின் பின்வீதியில், ராசிக் கடன்வாங்கி வந்த பீப்பாய்களைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு பக்கமும் ராசிக் மறு பக்கமும் நின்றுகொண்டார்கள். அருந்ததி காரைத் தூரத்தில் கொண்டுபோய்த் திருப்பினாள். அவள் புறப்படுவதற்குள் எங்கிருந்தோ ஒரு முச்சக்கரவண்டி வந்தது. பீப்பாயைக் கண்டதும் மெதுவாக்கி நின்றது. சாரதி இறங்கி, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் ராசிக்கிடம் நீட்டினான். ராசிக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "ஹரி, யன்ன" என்றார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பின்னால் ஒரு வான் வந்து வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால் சைக்கிளில் ஒரு கிழவர், அவரும் இறங்கி அட்டையைத் தேடத் தொடங்கினார். வானுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் இறங்கி, கைப்பைகளைத் திறந்து, ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முன்னால் ஒழுங்காக நின்றார்கள்.

"இஞ்சருங்கோ, அவையளை அனுப்புங்கோ!" என்று அருந்ததி தூரத்திலிருந்து கத்தினாள்.

"நான் கேக்கேல்லையப்பா, அவையளாத் தருகினம்!" என்று அவர் பரிதாபமாகத் திருப்பிக் கத்தினார். அவருடைய கையில் அப்போது நாலைந்து அட்டைகள் இருந்தன.

பிறகு உண்மையான பொலிஸ் வந்தது. அனுமதி இல்லாமல் சோதனைச் சாவடி போட்டது யார் என்று சார்ஜன் கேட்டார். யுத்த காலத்தில், இரண்டு தமிழரும் ஒரு முஸ்லிமும் வீதியை மறித்து ஆட்களின் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு என்ன விளக்கம் சொல்வது? அருந்ததி உள்ளதைச் சொன்னாள். காரைக் காட்டினாள், ஹெல்மெட்டைக் காட்டினாள், கூரையைத் தடவியும் காட்டினாள். சார்ஜன் வெகுநேரம் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். இப்படியொரு கதையைப் பொய்யாகச் சொல்ல ஒருவராலும் முடியாது என்று கடைசியில் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பீப்பாய்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, இனி இந்தப் பக்கம் கண்டால் உள்ளே போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் திரும்பும்போது அவருடைய தோள் குலுங்கியதை ராசிக் கண்டார்.

அத்தோடு பயிற்சி முடிந்தது.

போட்டி நாள் காலையில், வழக்கப்படி ஓட்டக்காரர்கள் பாதையை நடந்து பார்க்கப் போனார்கள். அருந்ததி தனியாகப் போனாள். முதல் நாள் இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. இன்றைக்கும் கால் எடுபட்டால் இதுதான் கடைசி நடை என்று நினைத்துக்கொண்டே பீப்பாயடிக்கு வந்தாள். அங்கே கொடியும் கையுமாக அதே பையன் நின்றான். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். தெற்றுப்பல். அவன் சும்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவ்வளவுதான். அவளுடைய கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய் அட்டையை எடுத்துவிட்டது.

அவன் கேட்கவில்லை. அவள் கையில் அட்டை. இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

திருப்பி வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். சாவடியில் அட்டையைக் காட்டும் வரைக்குந்தானே இந்தக் கால் எடுபடும்? காட்டி முடித்து, "யன்ன" என்று ஒரு சொல் கிடைத்த பிறகு அது என்ன செய்யும்? விட்டால் போதுமென்று அமத்தி மிதிக்கும். வெள்ளவத்தையில் எல்லாருடைய காலும் அப்படித்தான் மிதிக்கும். சாவடி தாண்டிய முதல் நூறு மீற்றரில் அவளுடைய மாணவர்கள் ஓடும் வேகத்தை அவள் எத்தனை தரம் கண்டித்திருப்பாள்!

அவள் அட்டையை நீட்டினாள்.

"மல்லி," என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கூப்பிட்டாள். "இதை இப்பவே பாருங்கோ. வடிவாப் பாருங்கோ. பாத்து முடிஞ்சு, ரேஸ் முடியுமட்டும் நீங்களே வச்சிருங்கோ. பிறகு நான் இதாலை வரேக்கை என்னட்டை ஒண்டும் கேக்கக்கூடாது."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினாள். கூரையைத் தடவும் கதை வந்ததும் அன்றைக்கு ஏன் அவர்கள் சிரித்தார்கள் என்பது அவனுக்குப் பிடிபட்டது. சிரிக்கப் போனவன் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் உண்மையாகவே வாசித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினான்.

"ஹரி அக்கே," என்றான். "யன்ன."

அவள் திரும்பி வந்து புருஷனுக்குச் சொன்னாள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

"ஐசியை ஆமிட்டைக் குடுத்திட்டு வந்தனீரோ? உமக்கென்ன பிடிச்சிருக்கு? கேட்டாலே குடுக்கப் பயப்பிடுற சாமானை, கேக்காமலே குடுத்திட்டு வந்து நிக்கிறீர்! அவன் துலைச்சானெண்டால்? இல்லையெண்டானெண்டால்? வீட்டை எப்பிடிப் போறது?"

"ரேஸ் முடியட்டும். பிறகு பயப்பிடுவம்," என்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள்.

பச்சைக் கொடி விழுந்தபோது அவள் பின்வரிசையில் இருந்தாள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, எல்லாம் பழகினவை. ஓடுபாதை நேராக விரிந்தது. தூரத்தில் பீப்பாய்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன. இடது கை கியரை விட்டு எழும்பப் பார்த்தது. "காட்டியாச்சு" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். "காட்டியாச்சு, காட்டியாச்சு!" கை இருந்த இடத்தில் இருந்தது. கால் மிதித்தபடி இருந்தது. ஸ்டார்லெட் இடதும் வலதுமாக உதறிக்கொண்டு பீப்பாய்களுக்கூடாகப் பாய்ந்து மறுபக்கம் வந்தபோது, அவள் ஹெல்மெட்டுக்குள் தனியாகக் கத்திய கத்து அவளுடைய காதையே அடைத்தது. இப்படியொரு சந்தோஷத்தை அவள் பல வருடமாகக் காணவில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காரையாவது எட்டிப் பிடித்தாள். பீப்பாயடிக்கு வரும்போதெல்லாம் ஆமிப் பையன்கள் கூட்டமாக நின்று வாயை அசைப்பது தெரிந்தது. என்னவென்று கேட்கவில்லை, இஞ்சின் சத்தம். ஒருவேளை ஏசுகிறார்களோ என்றுகூட நினைத்தாள்.

கடைசிச் சுற்றுக்கு வரும்போது ஒன்பதாவது. முன்னால் இரண்டு கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பீப்பாய்களுக்குள் நுழைந்தன. ஒன்று பீப்பாயைத் தட்டிவிட, அது உருண்டு பாதி வழியை அடைத்துக்கொண்டது. இரண்டு பேரும் பயந்து காலை எடுத்தார்கள். இரண்டு பீப்பாய்க்கு நடுவில் மிஞ்சிய இடைவெளி எவ்வளவு, அதில் ஒரு கார் போகுமா போகாதா என்பதை வெள்ளவத்தைக்காரிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தினமும் சாவடிப் பீப்பாய்களுக்குள்ளால்தான் பாண் வாங்கப் போகிறாள். மிதித்த காலை எடுக்காமல் உள்ளே விட்டாள். பக்கக் கண்ணாடி மட்டும் பறந்தது. அவள் ஏழாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

ராசிக் தொப்பியை வானத்துக்கு எறிந்தார். அது கடைசிவரை கிடைக்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா ஓடி வந்து, இத்தனை பேருக்கு முன்னால், பதின்மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, மனைவியைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தபடியே காதுக்குள், "ஐசி?" என்று கேட்டார்.

தெற்றுப்பல் பையன் அதற்குள் ஓடுபாதையைக் குறுக்கே வெட்டி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். பொத்தானைத் திறந்து அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தான். அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"கேட்டதா அக்கே? நாங்கள் கத்தினது?"

"என்ன கத்தினீங்கள்?"

"உங்கள் பெயரை. அட்டையில் பார்த்து எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அருந்ததீ, அருந்ததீ என்று. பின்னால் உள்ள பெயர் வாய்க்குள் வரவில்லை, அதை விட்டுவிட்டோம்."

பின்னால் உள்ள பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. அவர் கொஞ்சம் மனம் நொந்தார்தான். அருந்ததி அழுதாள். அந்தப் பெயரை அந்த அட்டையில் பார்த்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக வாசித்திருக்கிறார்கள். சத்தம் போட்டுச் சந்தோஷமாக வாசித்தது இவர்கள்தான்.

"அடுத்த மாதமும் இஞ்சைதானே நிப்பீங்கள்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

இல்லையாம். திங்கட்கிழமை வடக்குக்குப் போகிறானாம், வவுனியாவுக்கு அந்தப் பக்கம், சண்டை நடக்கிற இடத்துக்கு. அதை அவன் மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீர்கள் அக்கே, இங்கே நிற்கப்போகிறவனிடம் சொல்லி வைத்துவிட்டுப் போகிறேன்," என்றான். சொல்லிவிட்டு மற்றவர்களோடு ஓடிவிட்டான்.

கார் வெள்ளவத்தைக்கு வந்து, எல்லாரும் இறங்கி, அயலட்டை முழுக்க வந்து கைகொடுத்துப் போன பிறகுதான் அருந்ததிக்கு அது நெஞ்சில் குத்தியது. அவன் அவளுடைய பெயரைத் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறான். அவனுடைய பெயரை அவள் கேட்கவேயில்லை. அன்றைய சந்தோஷத்துக்கு நடுவில் அது மட்டும் முள்ளாகக் கிடந்தது.

அடுத்த மாதம் ஓப்பன் வகுப்பில் அவளுக்கு இடமிருந்தது, பட்டியலில் பெயர் அச்சடித்திருந்தது. காலையில் பாதையை நடந்து பார்க்கப் போனாள். பீப்பாயடியில் புதியவன் ஒருவன் நின்றான். அவளைத் தூரத்தில் கண்டதுமே கையை நீட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை.

"முதல்லை உங்கடை பேரைச் சொல்லுங்கோ மல்லி," என்றாள் சிங்களத்தில்.

அவன் நிமிர்ந்து நின்று, தன் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான்.